எட்டு லொறியும் ஒரு பீலியும்

1

பிள்ளைகளா, முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். சொன்னது நானில்லை. ஆனால் பொய் என்னைப் பற்றியது.

என் தங்கச்சி மகள் நிரோஷா தெமோதரையில் உங்களோடு ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் டீச்சர், வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரின் தொழிலைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாராம். "என் மாமா இங்கிலாந்தில் மிகப் பெரிய கரண்ட் லொறி ஓட்டுகிறார். அந்த லொறிக்குச் சத்தமே கிடையாது" என்று எழுதி உங்கள் எல்லோரிடமும் கைதட்டு வாங்கிவிட்டாள். டீச்சர் அதோடு விட்டாரா? அந்த மாமாவையே வகுப்புக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பச் சொல் என்றுவிட்டார்.

"நாலு பக்கமா? நான் படிச்சதே ஒம்பது வரைக்கும்தானே புள்ள" என்றேன் போனில்.

"பரவால்ல மாமா. நான் இன்னும் ஆறே முடிக்கல. நானே எழுதலியா?" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். லொறி பெரியது, உண்மை. சத்தம் கிடையாது, உண்மை. ஓட்டுவது நானில்லை. ஊரில் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டினேன். மலைக்கு மலை கொழுந்துச் சாக்கு ஏற்றி, தெமோதரை வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு வந்து ஃபெக்டரியில் இறக்குவேன். அந்த லைசன்ஸ் இந்த ஊரின் பெரிய லொறிக்குச் செல்லாது. இங்கே நான் செய்வது, ஓடிக் களைத்து வரும் லொறிக்குக் கரண்ட் ஏற வயர் குத்துவது. நான் இருக்கும் நேரத்தில் புறப்பட்டால் பிடுங்குவது. அவ்வளவுதான். இந்த வாரத்தோடு நாங்கள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. என் மனைவி செல்விக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் பின்னால் நானும் மகள் தரணியும் வந்தோம்.

நிரோஷாவுக்குக் கைதட்டியவர்கள் கைதட்டைத் திருப்பிக் கேட்கக் கூடாது. வயர் குத்துவதிலும் கதை இருக்கிறது.

2

கதைக்கு முன் பெயர் விவகாரம்.

நம்ம வழக்கப்படி அப்பா பெயர் முன்னால், நம்ம பெயர் பின்னால். நான் பெரியசாமி சிவலிங்கம். இந்த நாட்டில் முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். பின்னால் இருப்பது குடும்பத்துக்கு. ஆகவே லொறிகள் வந்து நிற்கும் டெபோவில் நான் பெரியசாமி. எங்க அப்பா பெரியசாமி இன்றைக்கும் தெமோதரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறார். பண்டாரவளைக்கு அப்பால் அதிகம் போனதில்லை. ஆனால் இங்கிலாந்தில் தினமும் லொறிக்கு வயர் குத்துகிறார்.

இது பரவாயில்லை. தரணி என் பெயரை முன்னால் போட்டு சிவலிங்கம் தரணி. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் "சிவலிங்கம்!" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் அப்படியே ஓடியது. அதாவது அப்பா டெபோவில் வேலை செய்தார், நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். ஒன்பதோடு விட்ட படிப்பு, போகட்டும் என்று இருந்தேன். தரணிதான் அழுது மாற்றிக்கொண்டாள்.

நானும் மாற்ற ஒரு ஃபோம் வாங்கினேன். நீங்கள் சிவலிங்கம் என்று அழைக்கப்படுவதற்கு இங்கே வழங்கப்பட்ட கடிதம் ஒன்றை இணைக்கவும் என்று இருந்தது. இங்கே எனக்கு வருகிற கடிதம் எல்லாம் "அன்புள்ள பெரியசாமி" என்றுதான் வரும். இணைத்தேன். பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொருந்தாததால்தானே ஐயா ஃபோமே போடுகிறேன்? இரண்டாவது தடவையும் திரும்பியது. மூன்றாவது ஃபோம் மேசை லாச்சியில் கிடந்தது.

டெபோவில் தினமும் மத்தியானம் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். நம்ம பெரட்டு மாதிரியே. குளிர் மட்டும் கூட. "பெரியசாமி!" என்பார் மேனேஜர். "யெஸ்" என்பேன். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன். ஏனென்றால் தோட்டத்துப் பெரட்டில் எங்க அப்பா பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. வேறு தோட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர், பதிவில்லாத ஆள். செக்ரோல் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முடித்துவிட்டு, கடைசியில் கணக்கப்பிள்ளை "மத்தவங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த மத்தவங்கதான் எங்க அப்பா. முப்பது வருடத்துக்கு மேல் மத்தவங்க.

3

இப்போது கரண்ட். இது கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊரில் இருந்த காலத்தில் எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா வீடு, எல்லாவற்றுக்கும் ஒரே லைன், ஒரே டிரிப் சுவிட்ச். ஒரு வீட்டில் அயன் பெட்டி போட்டு, அடுத்த வீட்டில் தேத்தண்ணீருக்குக் கேத்தல் போட்டால் டிக் என்று பன்னிரண்டு வீடும் இருட்டு. அதற்காக யாரும் கூட்டம் போட்டுச் சட்டம் எழுதவில்லை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, உங்களுக்குத் தெரியும். முதல் காம்பரா லெட்சுமி அக்கா அடுப்படியில் நின்றபடியே கத்துவார்:

"அயன் போடப் போறேன்! யாரும் கேத்தல் போடாதீங்க!"

"நான் போட்டுட்டேனே அக்கா!" என்று ஆறாவது காம்பராவிலிருந்து சத்தம் வரும்.

"அப்ப சீக்கிரம் குடிச்சுத் தொலை! புள்ள ஸ்கூலுக்குப் போவணும்!"

இவ்வளவுதான் சமாசாரம். இந்த முழு நாடும் ஒரு லயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றாடியாலும் வெயிலாலும் நிறையக் கரண்ட் எடுக்கிறார்கள். காற்றும் வெயிலும் நம் சொல் கேட்டா வரும்? சில நாள் மத்தியானம் கரண்ட் வேண்டிய மட்டும் கிடக்கும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுவரை எல்லோரும் வீட்டுக்கு வந்து ஒரே நேரத்தில் அடுப்பையும் ஹீட்டரையும் போடுவார்கள். அப்போது இழுபறி. அந்த நேரத்தில் எங்கள் டெபோவின் எட்டு லொறியும் சேர்ந்து குடித்தால் என்ன ஆகும்? ஒரு லொறி குடிக்கும் கரண்ட்டில் நம்ம லயங்கள் எத்தனையோ ஓடும்.

ஆனால் லொறிக்கு ஒரு நல்ல குணம். பின்னேரம் மூன்றுக்கு வந்தால் மறுநாள் விடியத்தான் போகும். இடையில் எப்போது குடித்தாலும் அதற்குச் சம்மதம். வயிறு பெரியது, அவசரம் கிடையாது. அதனால் கரண்ட்காரர்கள் லெட்சுமி அக்கா மாதிரி ஒரு குரல் கொடுக்கிறார்கள்: இன்றைக்கு ஐந்திலிருந்து ஏழுவரை கொஞ்சம் பொறுங்கள். என்ன, சுவருக்கு மேலால் கத்தாமல் கம்பியூட்டருக்குச் செய்தி அனுப்புகிறார்கள். கம்பியூட்டர் லொறிகளை நிறுத்தி வைத்து, ஏழு மணிக்குப் பிறகு நிதானமாகக் குடிக்க விடும். பொறுக்கிற கம்பனிக்குச் சலுகை உண்டு.

எங்கள் டெபோவில் இதைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். மேனேஜர் ஜெனட் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை நம்ம பேச்சிலேயே எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் எனக்கே பிழை வரும்.

"பெரியசாமி, ரெண்டு மாசம் பாப்போம். சரியா வந்துச்சுன்னா இந்த யார்டு வேலை நிரந்தரம். மூணு தடவை தப்புச்சுன்னா எட்டு லொறியும் பெரிய டெபோவுக்குப் போயிரும். ஒங்களையும் அங்க ஸ்டோர்ல போடுவாங்க."

பெரிய டெபோ வேறு நகரம். ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும். அங்கே அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். செல்விக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு வேலை. தரணியைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விடுவது நான்தான். அந்த இருபது நிமிட நடையில்தான் அவள் தமிழ் பேசுகிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள், நான் காது கேட்காத மாதிரி நடிப்பேன், அவள் பெருமூச்சு விட்டுத் தமிழில் சொல்வாள். வாரம் ஒரு நாள் காது கேட்காமல் நடித்து என்ன செய்ய முடியும்?

4

முதல் தடவை தப்பியது என்னால். இரண்டாவது தடவையும் என்னால். வேறு ஆளைச் சொல்ல வழியில்லை.

லயத்துப் பீலியில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். சொட்டுச் சத்தம் கேட்டதும் குடம், வாளி, சட்டி, பெயின்ட் வாளி, வீட்டில் எது வாய் திறந்திருக்கிறதோ எல்லாம் ஓடும். அந்தப் பழக்கம் கை காலில் ஊறிவிட்டது. இங்கே தண்ணீர் நாள் முழுக்க வருகிறது, எனக்கும் தெரியும். ஆனாலும் காலையில் எழுந்ததும் குளியல் தொட்டியை நிரப்பி வைத்துவிடுவேன்.

"அப்பா, டெப் தண்ணி எங்கயும் போகாது" என்பாள் தரணி, இங்கிலீஷில்.

"போச்சுன்னா?"

"போனா நான் சொல்றேன். இப்ப நான் எங்க குளிக்கிறது?"

இப்படிப்பட்ட ஆளிடம் எட்டு லொறியைக் கொடுத்தால்? முதல் வாரம், வயர் குத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், எட்டிலும் "காத்திருக்கிறது" என்று எழுத்து. வயர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, லொறி குடிக்கவில்லை. பீலியில் தண்ணீர் கொட்ட, குடம் பக்கத்தில் சும்மா இருக்கிற மாதிரி. எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் "உடனே" என்று ஒரு மஞ்சள் பொத்தான். எட்டையும் அமுக்கினேன். எட்டும் மடமடவென்று குடித்தன. நெஞ்சு நிறைந்தது.

ஐந்து மணி. கரண்ட்காரர்கள் பொறுக்கச் சொன்ன முதல் நாளே அது. ஜெனட் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தார்.

"யாரு மஞ்சப் பொத்தான அமுக்குனது?"

"நான்தான் மேடம். எட்டையும்" என்றேன், பாராட்டு வரும் என்று நினைத்து.

இரண்டாவது தடவை, பட்டுத் தெளிந்தவனாக நடந்துகொண்டேன். ஐந்து மணிக்கு லொறி குடிக்கக் கூடாது, அவ்வளவுதானே? எட்டு வயரையும் பிடுங்கிச் சுருட்டி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஏழு மணிக்குக் கம்பியூட்டர், இனிக் குடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. யாரிடம் சொன்னதோ? மறுநாள் நான் போனபோது, விடியக் காலையில் போயிருக்க வேண்டிய போலந்துக்கார டிரைவர் மாரெக், தக்காளி ஏற்றிய லொறியோடு இன்னும் அங்கேயே நிற்கிறார்.

"பெரியசாமி, ஒங்க நாட்டுல லொறிய தள்ளிக்கிட்டா போவாங்க?"

"மேட்டுல தள்ளியிருக்கோம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஜெனட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு ஆச்சு" என்று விரலைக் காட்டினார். அன்று இரவு சாப்பாட்டில் செல்வி, பெரிய டெபோ இருக்கும் ஊரில் அறை வாடகை எவ்வளவு என்று மெதுவாகக் கேட்டாள். தரணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

மூன்றாவது தடவை வந்தது பண்டிகை நெருக்கத்தில். மத்தியானமே செய்தி வந்துவிட்டது: இன்று ஐந்திலிருந்து ஏழுவரை, டெபோ முழுதுக்கும் இரண்டு லொறி குடிக்கிற அளவு கரண்ட்தான் எடுக்கலாம். சரி, கம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எதையும் தொடுவதில்லை என்று சபதம்.

நாலரைக்கு இன்டர்நெட் நின்றுவிட்டது. கம்பியூட்டர் இல்லாவிட்டால் மெஷின்கள் என்ன செய்யும் தெரியுமா? முழு வேகத்தில் ஊற்றும். எட்டும் ஊற்றத் தொடங்கின. ஜெனட் ரிப்பேர்காரர்களுக்குப் போன் எடுத்தார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். போனைக் காதில் வைத்தபடியே யார்டுக்கு வந்தார்.

"முடிஞ்சுச்சு பெரியசாமி. அதோட இன்னைக்கு மூணு லொறி ஏழு மணிக்கே கெளம்பணும், விசேஷ லோடு. நிப்பாட்டுனா அது போகாது. நிப்பாட்டலன்னா மூணாவது தப்பு."

மூன்று லொறி. இரண்டு பேருக்குத்தான் கரண்ட். எனக்கு அந்த இடத்தில் கம்பியூட்டர் தெரியவில்லை, பீலி தெரிந்தது. லயத்துப் பீலியில் இரண்டு குழாய்தான். மூன்று வீட்டில் அவசரம் என்றால் என்ன செய்வார்கள்? கொஞ்சம் பிடித்துவிட்டுக் குடத்தை நகர்த்துவார்கள். அடுத்த குடம் வரும். யாருக்கும் நிரம்பி வழியாது, யாரும் வெறும் குடத்தோடு போக மாட்டார்கள்.

"மேடம், சோக்குக் கட்டி இருக்கா?" என்றேன்.

தரையில் சோக்கால் கட்டம் போட்டேன். ஒன்றும் இரண்டும் குடிக்க மூன்று நிற்கும். இருபது நிமிடத்தில் ஒன்று நிற்க, மூன்று குடிக்கும். அப்புறம் இரண்டு நிற்கும். இரண்டு மணி நேரத்தில் ஆறு இருபது நிமிடம். ஒவ்வொரு லொறிக்கும் எண்பது நிமிடம். விசேஷ லோடு தூரம் போகாது, அதற்கு இது போதும் என்று மாரெக்கிடம் கேட்டுக்கொண்டேன். மற்ற ஐந்தையும் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். வயரைப் பிடுங்கவில்லை. பட்டது மறக்குமா?

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டிரைவர்கள் ஓய்வறைப் பக்கம் திரும்பி, இருந்த தொண்டையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். தமிழில்தான் வந்தது.

"யாரும் கேத்தல் போடாதீங்க!"

உள்ளே மாரெக் கேத்தலும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். பாஷை தெரியாது. ஆனால் லெட்சுமி அக்காவின் குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. கேத்தலை மெதுவாகக் கீழே வைத்தார்.

ஐந்தே முக்காலுக்கு அவர் லொறி நிற்கிற முறை. மனுஷன் பூனை மாதிரி வந்து மஞ்சள் பொத்தானில் கை வைக்கிறார்.

"ஏன், ஒங்க லொறி மட்டும் தங்க லொறியா?" என்றேன். இதுவும் லெட்சுமி அக்கா பீலியடியில் எங்க அம்மாவைக் கேட்டதுதான்; குடத்தை எடுத்துவிட்டு லொறியைப் போட்டேன். "வரிசையில நில்லுங்க!"

கையை எடுத்துக்கொண்டார். ஏழு மணிக்கு மூன்று லொறியும் சத்தமில்லாமல் கேட்டைத் தாண்டின. நான் மற்ற ஐந்துக்கும் மெஷினை ஓடவிட்டேன். ஜெனட்டின் போனில் அப்போதுதான் ஆள் கிடைத்தார்: "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?"

மறுநாள் ஜெனட் ஒரு விஷயம் சொன்னார். லொறிகள் குடிப்பதோடு பார்த்தால் கேத்தல் ஒன்றுமே இல்லையாம்; யானைக்குப் பக்கத்தில் எறும்பாம். அன்று எல்லோரும் தேத்தண்ணீர் குடித்திருக்கலாமாம். மாரெக் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. ஆனால் இன்றைக்கும் ஐந்து மணிக்குக் குரல் கொடுக்கிறேன். கொடுக்காவிட்டால் அவர்களே வந்து கேட்கிறார்கள், இன்றைக்குக் கத்தவில்லையா என்று.

6

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். செல்வி உறையைப் பிரித்தாள். வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். தரணி எட்டிப் பார்த்தாள். அவளும் வாசித்தாள். எனக்கு ஒரு சப்பாத்து காலில், ஒன்று கையில்.

"என்னா போட்டிருக்கு? ஸ்டோரா?"

செல்வி கடிதத்தைத் தூக்கிப் பிடித்தாள். "அன்புள்ள பெரியசாமி, உங்களை யார்டு வேலையில் நிரந்தரமாக..." அதற்குமேல் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாங்க, மாமாவுக்கு வேலை நிரந்தரமாயிருச்சுங்க!" அவளுக்கு மாமா எங்க அப்பா.

தரணி மாடிக்கு ஓடினாள். அங்கிருந்து சத்தம் வந்தது, சுத்தமான லயத்துக் குரலில்: "யாரும் கேத்தல் போடாதீங்க!" காது கேட்காமல் நடிக்காமலே வந்த தமிழ். செல்வி அதைக் காதில் வாங்கிக்கொண்டே கேத்தலைப் போட்டாள்.

தெமோதரைக்குப் போன் எடுத்தேன். அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். பெயர் முன்னால் பின்னால் போன கதை, கடிதத்தில் அவர் பெயர் இருக்கிற கதை. கொஞ்ச நேரம் இருமினார்.

"பேரு கூப்புடுறாங்களாடா? காலையில?"

"மத்தியானம்பா. தெனமும்."

"என்னா பேரு?"

"பெரியசாமி."

"மத்தவங்கன்னு சொல்றது இல்லையே?"

"இல்லப்பா. பெரியசாமின்னுதான் கூப்புடுறாங்க. நான் யெஸ்ஸுன்னு சொல்றேன்."

மறுபடி இருமல். பிறகு, "சரி. நேரத்துக்குப் போயிரு. என் பேரைக் கெடுத்துறாத" என்று வைத்துவிட்டார்.

நிரோஷா, கட்டுரையைத் திருத்தி எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள். உன் மாமா லொறி ஓட்டவில்லை. இங்கிலாந்தில் வேலை செய்வது உன் தாத்தா. பெயர் மாற்ற வாங்கி வைத்த மூன்றாவது ஃபோம் இனி வேண்டாம்; அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. இதன் கடைசிப் பக்கத்தை அதில்தான் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் தெரியும்.